கப்பல்ல திருகோணமலை போறீங்களா? டூர் பேக்கேஜ் இல்லாம ஸ்நார்க்கெலிங் பண்ண முடியுமா?

தென்பெண்ணையில் குதித்து நீச்சல் பழகிய திருக்கோவிலூர்க்காரருக்கு, கடலுக்குள் பவளப்பாறை பார்க்கிற ஆசை வருவதில் ஆச்சரியமில்லை. சென்னையிலிருந்து இலங்கைக்குச் சொகுசுக் கப்பல் கிளம்ப ஆரம்பித்த பிறகு அந்த ஆசை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. 2023 ஜூன் 5-ஆம் தேதி 'எம்பிரஸ்' கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகியவை அதன் துறைமுகங்கள்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் சேராமல், நாமே இறங்கிப் போய் ஸ்நார்க்கெலிங் செய்ய முடியுமா? முடியும். ஆனால் இடத்தைத் தேர்வு செய்வதிலும், நேரத்துக்குத் திரும்புவதிலும்தான் விஷயம் இருக்கிறது.

ஸ்நார்க்கெலிங்னா என்ன?

முகத்தில் மாஸ்க், வாயில் ஒரு குழாய். நீரின் மேலேயே குப்புற மிதந்துகொண்டு கீழே பார்ப்பது. சிலிண்டர் மாட்டி ஆழத்துக்குப் போவது ஸ்கூபா டைவிங். அது வேறு. மிதந்தபடியே பார்ப்பதால், தண்ணீர் தெளிவாகவும் ஆழம் குறைவாகவும் இருந்தால்தான் ஏதாவது கண்ணில் படும்.

பக்கத்துல இருக்கிற புதுச்சேரியிலயே பண்ணக் கூடாதா?

2025 ஜூலையில் புதுச்சேரிக்கும் சொகுசுக் கப்பல் வந்தது. அங்கே ஸ்கூபா டைவிங்கும் நடக்கிறது. ஆனால் அது படகில் வெகுதூரம் போய், ஆழத்தில் இறங்கிப் பார்ப்பது. கரையோரம் மிதந்தால் பெரும்பாலும் கலங்கல்தான் தெரியும். இதற்கு ஒரு காரணம் நம்ம ஊர் ஆறு. திருக்கோவிலூரைத் தாண்டிப் போகும் தென்பெண்ணை, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. இப்படிப் பல ஆறுகள் கொண்டுவரும் வண்டலும், அலை கிளப்பும் மணலும் சேர்ந்து கரையோர நீரைக் கலக்கிவிடுகின்றன. பவளம் வளர வெளிச்சம் வேண்டும். கலங்கிய நீரில் அது தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

தமிழ்நாட்டில் பவளப்பாறைக்குப் பெயர் பெற்றது மன்னார் வளைகுடா. அங்குள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் தீவுகளுக்குப் போக முடியாது.

திருகோணமலையில் எங்கே?

துறைமுகத்துக்குள் வேண்டாம். கப்பல், இழுவைப் படகு எல்லாம் ஓடும் இடத்தில், மிதக்கிற ஆளை யாரும் கவனிக்க மாட்டார்கள். நகரத்திலிருந்து வடக்கே சுமார் 15 கி.மீ. தூரத்தில் நிலாவெளி. அங்கிருந்து ஏறத்தாழ 1 கி.மீ. கடலுக்குள் இருக்கிறது புறாத்தீவு. 2003-ல் இது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து சில அடி நீந்தினாலே பவளப்பாறை, வண்ண மீன்கள், அதிர்ஷ்டம் இருந்தால் கருந்துடுப்புச் சுறாவும் தெரியும். பொதுவாக மனிதர்களைக் கண்டால் இந்தச் சுறா விலகிப் போய்விடும்.

நிலாவெளிக் கரையில் நுழைவுச் சீட்டு வாங்கிப் படகில் போக வேண்டும். நுழைவுக் கட்டணம், படகு வாடகை, மாஸ்க் வாடகை எல்லாம் தனித்தனி. ஏறுவதற்கு முன்பே மொத்தம் எவ்வளவு, எத்தனை மணிக்குத் திரும்ப அழைத்து வருவார்கள் என்று பேசிவிடுங்கள். படகுக்காரர்களிடம் தமிழிலேயே பேசலாம் என்பது நமக்கு ஒரு வசதி.

எப்போது போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை இந்தப் பக்கக் கடல் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அலையும் கலங்கலும் அதிகம். காலையில் போவது நல்லது. வெயில் ஏற ஏறக் காற்றும் கூடும்.

ஆத்துல நீச்சல் தெரியுமே, போதாதா?

போதாது. ஆற்றில் நீரோட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே தெரியும். கடலில் அது மாறிக்கொண்டே இருக்கும். குப்புற மிதக்கும்போது கரையிலிருந்து எவ்வளவு தூரம் வந்தோம் என்பதே தெரியாது. குழாயில் தண்ணீர் புகுந்தால் பதற்றம் வரும். அதனால்:

* நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போடுங்கள். அசதி வந்தால் பவளத்தின் மேல் கால் ஊன்றாமல் மிதக்கலாம்.
* வார் மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். ஒட்டி நின்றால் சரியான அளவு.
* இடுப்பளவு நீரில் பழகிவிட்டு நகருங்கள். தனியாகப் போகாதீர்கள்.
* ஓட்டம் கடலுக்குள் இழுத்தால் எதிர்த்து நீந்தாதீர்கள். கரைக்கு இணையாக நகர்ந்து, இழுவை குறைந்த பிறகு கரைக்குத் திரும்புங்கள்.
* பவளத்தைத் தொடவோ உடைத்து எடுக்கவோ கூடாது.

கப்பல் காத்திருக்குமா?

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலா தாமதமானால் பொதுவாகக் காத்திருப்பார்கள். தனியாகப் போனவருக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கப்பலைத் தவறவிட்டால், வெளிநாட்டில் நின்றுகொண்டு சொந்தச் செலவில் ஊர் திரும்ப வேண்டியதுதான். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரக் குழப்பம் இல்லை. ஆனால் புறப்படும் நேரம் வேறு, பயணிகள் ஏறி முடிக்க வேண்டிய நேரம் வேறு. இரண்டாவதைக் கணக்கில் வைத்து, அதற்கு 2 மணி நேரம் முன்பே துறைமுகம் திரும்பும்படி திட்டமிடுங்கள்.

கப்பல் எந்தத் துறைமுகத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதும், விசா விதியும் மாறக்கூடியவை. டிக்கெட் போடும்போதே கேட்டுவிடுங்கள். நிற்கும் நேரம் 5 மணி நேரத்துக்கும் குறைவு என்றால், புறாத்தீவை அடுத்த முறைக்கு வைத்துக்கொண்டு கோணேசர் கோயிலைப் பார்த்துவிட்டு வருவதே புத்திசாலித்தனம்.