கொரியாவில் நம் மருத்துவப் படை

போர் என்ற சொல்லைக் கேட்டவுடன் துப்பாக்கி ஏந்திய வீரனே நம் மனக்கண்முன் நிற்கிறான். சுடும் பணி ஏதுமின்றி, அந்நிய நாட்டுப் போர்க்களத்தில் மூன்று ஆண்டுகளுக்கு மேல் தங்கியிருந்த இந்தியர்களின் வாழ்வு எத்தகையது என்பதைச் சிறிது காண்போம்.

1950 ஜூன் 25-ஆம் நாள் கொரியாவில் போர் மூண்டது. ஐக்கிய நாடுகள் சபை உதவி கோரியபோது, பாரத அரசு போரிடும் படையை அனுப்பாமல் மருத்துவப் படை ஒன்றை மட்டும் அனுப்பியது. அதுவே 60-ஆவது பாராசூட் கள ஆம்புலன்ஸ். அதன் தலைவர் லெப்டினென்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ். 1941-இல் பாராசூட் கட்டி விமானத்திலிருந்து குதித்த முதல் இந்தியர்களுள் ஒருவர் அவர். 300-க்கு மேற்பட்ட இப்படையினர் நவம்பரில் பூசான் துறைமுகத்தில் இறங்கினர்.

கள ஆம்புலன்ஸ் என்பது வண்டியின் பெயர் அன்று. நடமாடும் மருத்துவமனை என்றே அதனைச் சொல்ல வேண்டும். போர்முனையில் வீழ்ந்தவரைத் தூக்குக் கட்டிலில் சுமந்து வருதல், குருதிப் பெருக்கை நிறுத்துதல், உடனே அறுவை செய்யத்தக்கவர் யார், பின்னணி மருத்துவமனை வரை தாங்கக்கூடியவர் யார் எனப் பிரித்தறிதல் ஆகியவை அதன் அன்றாடப் பணிகள்.

இப்பணிக்குக் குளிர் பெரும்பகையாயிற்று. குன்னத்துகாலிலோ பாறசாலையிலோ மார்கழி விடியலில் ரப்பர் பால் எடுக்கப் புறப்படுபவர், தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொள்வதோடு சரி. கொரியாவிலோ உறைநிலைக்குக் கீழே 20 டிகிரிக்கும் குளிர் இறங்கியது. புட்டியிலுள்ள மருந்துநீர் உறைந்து போகும். அதனை உருக்கிய பின்னரே நோயாளிக்குச் செலுத்த இயலும். காயத்தைப் பார்ப்பதற்காக ஆடையைக் களைந்தால் அக்குளிரே உயிருக்கு இறுதியாகலாம். அடுப்பும் கம்பளியும் அங்கே மருந்தோடு ஒத்த மதிப்புடையவை.

டிசம்பரில் சீனப் படைகள் முன்னேறவே, பியோங்யாங் நகரைக் கைவிட்டு அனைவரும் பின்வாங்க நேர்ந்தது. நம் மருத்துவப் படைக்கு வண்டிகள் போதவில்லை. கருவிகளை விட்டுவிட்டு ஆட்கள் மட்டும் வரலாம் என்றனர். ரங்கராஜ் அதற்கு இசையவில்லை. கத்தியும் மருந்தும் இல்லாத மருத்துவப் படை யாருக்குப் பயன்படும்? நிலையத்தில் கேட்பாரற்றுக் கிடந்த பழைய நீராவி எஞ்சின் ஒன்றும் சில பெட்டிகளும் அவர்கள் கண்ணில் பட்டன. ரயில் எஞ்சினைப் பற்றி அறிந்த சிலர் படையிலேயே இருந்தனர். எஞ்சினுக்கு நீர் ஊற்றக் குழாய் இல்லை. ஆகவே வரிசையாக நின்று வாளியைக் கைமாற்றிக் கொதிகலத்தை நிரப்பினர். நம்மூரில் தீயணைக்கக் கிணற்றடியிலிருந்து குடம் கைமாறுவது போலத்தான்! கருவிகள் ஏறின, எஞ்சின் நகர்ந்தது. அவர்கள் ஆற்றைக் கடந்த சிறிது நேரத்தில் பாலங்கள் தகர்க்கப்பட்டன. பின்னர் இப்படை பிரிட்டிஷ் காமன்வெல்த் 27-ஆவது பிரிகேடுடன் இணைந்தது. அன்று காப்பாற்றிய கருவிகள் அங்கே கைகொடுத்தன.

1951 மார்ச் 23-ஆம் நாள் முன்சான் என்னுமிடத்தில் அமெரிக்கப் படையுடன் ரங்கராஜ் உட்பட 12 இந்தியர் பாராசூட்டில் குதித்தனர். குதித்த இடத்திலேயே சிகிச்சை தொடங்கியது. அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கப்பெற்றது.

படையின் மற்றொரு பகுதி டேகு நகரில் கொரியச் சிப்பாய்களுக்கும் வீடிழந்த பொதுமக்களுக்கும் மருத்துவம் செய்தது. நம் எல்லைக் கிராமங்களில் தமிழ் பேசும் நோயாளியும் மலையாளம் பேசும் வைத்தியரும் ஒருவரையொருவர் புரிந்துகொள்வதில் இடர் இல்லை. இரண்டும் உடன்பிறந்த மொழிகள். கொரிய மொழியோ நம்மவர் செவிக்கு முற்றும் புதிது. எங்கே வலிக்கிறது என்று ஒரு தாயிடம் கேட்பதற்கும் சைகையோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டியிருந்தது. பாராசூட்டில் குதித்ததைப் பலரும் அறிவர். டேகுவில் நாள்தோறும் நடந்த இப்பணியைப் பற்றி அவ்வளவாகப் பேசுவாரில்லை. எனக்கோ இதுவே அதினும் அரிதாகத் தோன்றுகிறது.

1953 ஜூலை 27-இல் போர் ஓய்ந்தது. ஏறத்தாழ 23,000 கைதிகளைக் காக்கும் பொறுப்பேற்று வேறொரு இந்தியப் படை அங்கே சென்றது. மருத்துவப் படையினர் 1954 பிப்ரவரியில் நாடு திரும்பினர். 2020 ஜூலை மாதத்துக்குரிய போர்வீரராகத் தென்கொரிய அரசு அறிவித்தது, இந்த மருத்துவர் ரங்கராஜையே.