கருடப்பாலை: ரப்பர் உண்டு, பயிராகவில்லை

சாத்தாங்காடு இரும்புச் சந்தைக்குப் பாரம் சுமந்து வரும் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் டயர்களுக்கு இயற்கை ரப்பர் இன்றியமையாதது. அருகிலுள்ள திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நிறுவனம், பின்னர் அவ்வூரிலேயே டயர் ஆலை அமைத்தது. டயருக்கான ரப்பர், ஹீவியா என்னும் மரத்தின் பாலிலிருந்து கிடைக்கிறது.

அம்மரத்தின் பாலில் மட்டுந்தானா ரப்பர் உள்ளது? இல்லை. தமிழ்நாட்டின் தரிசுகளிலும் வேலியோரங்களிலும் படரும் கருடப்பாலையின் பாலிலும் நல்ல ரப்பர் உண்டு. பளபளக்கும் தடித்த இலைகள், இளஞ்சிவப்பு கலந்த ஊதா நிறப் புனல் பூக்கள், சிறகு விரித்தாற்போன்ற இரட்டைக் காய்கள் ஆகியவற்றால் இதை அறியலாம். இதன் தாயகம் மடகாஸ்கர் தீவு. கிரிப்டோஸ்டீஜியா எனப்படும் இதன் பேரினத்தில் இரண்டே சிற்றினங்கள். இரண்டும் கட்டைக் கொடிகளே. கிரேக்க மொழியில் இப்பெயர் மறைவையும் மூடியையும் குறிக்கும். பூவினுள் ஐந்து செதில்கள் மகரந்தப் பைகளை மறைத்து நிற்கின்றன.

1942இல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியதும் நேச நாடுகளுக்கு ரப்பர்ப் பஞ்சம் வந்தது. உடனே அமெரிக்க உதவியுடன் ஹெய்தி நாட்டில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் இக்கொடி நடப்பட்டது. அதற்காக உழவர்களின் வீடுகளும் பழமரங்களும் அழிக்கப்பட்டன. கிடைத்த ரப்பரோ மிகச் சொற்பம். 1944இல் திட்டம் கைவிடப்பட்டது.

காரணம் என்ன? ஹீவியாவின் பட்டையில் பால் குழாய்கள் வலைபோல் ஒன்றோடொன்று இணைந்துள்ளன. ஓரிடத்தில் கீறினால் சுற்றிலுமுள்ள பாலும் அவ்வழியே வடியும். கருடப்பாலையின் குழாய்கள் அவ்வாறு இணைவதில்லை. மெல்லிய தண்டுகளின் நுனியை ஒவ்வொன்றாக வெட்டி, சொட்டுச் சொட்டாகப் பாலைச் சேர்க்க வேண்டும். அத்தனை வேலைக்கு ஆள் ஏது?

பயிராகத் தோற்ற கொடி, களையாக வென்றது. அழகுச் செடியாக ஆஸ்திரேலியா சென்ற இது, குவீன்ஸ்லாந்தில் ஆற்றோர மரங்களின் மேலேறி அவற்றை மூடிவிட்டது. அதை அடக்க, 1990களில் மடகாஸ்கரிலிருந்து ஒரு துருநோய்ப் பூஞ்சையைக் கொண்டுவந்து பரப்பினர்.

இக்கொடியில் இதயத்தைத் தாக்கும் நஞ்சும் உண்டு. மேயும் ஆடுமாடுகள் இறக்கக்கூடும். இதன் விதைகள் பஞ்சிழைகளின் துணையால் காற்றில் பறந்து புது இடம் தேடுகின்றன. எனவே பூவழகைக் கண்டு இதை வேலியில் நட்டுவிடாதீர்கள். ஏற்கெனவே இருந்தால், காய் வெடிக்குமுன் வேரோடு அகற்றுங்கள். மேலே மட்டும் வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். வெட்டும்போது பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.