ஆறடித் தண்ணீர் போதும்

கேமரன் மலையின் திரிங்காப்பில் உட்கார்ந்துகொண்டு போர்க்கப்பலைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். இங்கே கோஸ் பாத்திகள், பக்கத்துப் பிரிஞ்சாங் சரிவுகளில் தேயிலை. கடல் எங்கோ கிடக்கிறது. ஆனால் வெள்ளைக்காரன் இந்த மலைக்கு ஏறி வந்த வழி ஆற்று முகத்துவாரங்களில்தான் தொடங்கியது.

பெரிய பாய்மரப் போர்க்கப்பல் முகத்துவார மணல்திட்டைத் தாண்டி ஆற்றுக்குள் வருவது அரிது. அந்த நிலையை மாற்றியது 'நெமிசிஸ்'. 1839-இல் பர்க்கன்ஹெட்டில் லேர்ட் பட்டறை கட்டிய இரும்பு நீராவிக் கப்பல். கடற்படையுடையது அல்ல, கிழக்கிந்தியக் கம்பெனியுடையது. இரண்டு 32 பவுண்டுப் பீரங்கிகளைச் சுமந்துகொண்டு ஆறடித் தண்ணீரில் மிதக்கும்.

சீனத் தேயிலைக்கு வெள்ளி கொடுத்து மாளாத இங்கிலாந்து, இந்திய அபினியை விற்று ஈடுகட்டியது. அதில் மூண்ட போரில், 1841 ஜனவரி 7 அன்று, சீனாவின் கான்டன் நகருக்குப் போகும் ஆற்றுவாயிலில் இருந்த சுவென்பிக் கோட்டையைத் தாக்க நெமிசிஸ் போனது. கரையிறங்கிய படையில் 37-ஆவது சென்னைக் காலாட்படையும் இருந்தது. மே மாதக் கடைசியில் அந்தக் காலாட்படையின் ஒரு சிறு பிரிவு கான்டன் அருகே பேய்மழையில் தனியாக மாட்டிக்கொண்டது. சிப்பாய்களிடம் இருந்தவை சக்கிமுக்கித் துப்பாக்கிகள். மருந்து நனைந்து ஒன்றும் வெடிக்கவில்லை. முனைக்கத்தியை நீட்டியபடி நின்றவர்களை மீட்டவர்கள், மழையிலும் வெடிக்கும் புதுத் துப்பாக்கி வைத்திருந்த வெள்ளைக் கடற்படை வீரர்கள். புதியது யாருக்கு, பழையது யாருக்கு என்று யோசித்துத்தான் கொடுத்தார்களோ என்னவோ!

1849 ஜூலை 31 இரவு அதே கப்பல் சரவாக்கில். கடற்கொள்ளையர் என்று சரவாக்கை ஆண்ட வெள்ளைக்காரர் ஜேம்ஸ் புரூக் முத்திரை குத்திய இபான் பழங்குடியினரின் படகுகளை, பெத்திங் மாரு மணல்திட்டருகே மறித்தார்கள். பீரங்கி சுட்டது போதாதென்று, பக்கத் துடுப்புச் சக்கரங்களாலேயே படகுகளை நொறுக்கியது நெமிசிஸ். பிறகு தலைக்கு இவ்வளவு என்று கணக்கெழுதி, லண்டனிடம் 20,700 பவுண்டு வாங்கினார்கள்.

அடுத்த தலைமுறையில் கடற்படையிடமே இந்த வேலைக்கென்று சிறு பீரங்கிக் கப்பல்கள் இருந்தன. பேராக்கில் ரெசிடெண்ட் என்ற பிரிட்டிஷ் ஆலோசகரை வைக்கும் ஒப்பந்தம் 1874 ஜனவரி 20 அன்று, பங்கோர் அருகே 'புளூட்டோ' என்ற நீராவிக் கப்பலிலேயே கையெழுத்தானது. மறு ஆண்டு நவம்பர் 2 அன்று ரெசிடெண்ட் பர்ச் பேராக் ஆற்றங்கரையிலுள்ள பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். 15-ஆம் தேதி 'திஸ்ல்' கப்பலின் தளபதி ஸ்டெர்லிங், மாலுமிகளையும் பீரங்கி, ராக்கெட்டுகளையும் கொண்டு அந்தக் கிராமத்தைத் தாக்கும் படையில் சேர்ந்தார்.

ஆறு கைக்கு வந்தபின் மலை. 1885-இல் வில்லியம் கேமரன் இந்தப் பக்கம் அளவெடுக்க வந்தார். 1888-இல் இந்த மலை இருக்கும் பகாங்குக்கும் ரெசிடெண்ட் வந்தார். 1929-இல் ரசல் என்ற வியாபாரி 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். கொழுந்து பறிக்க வந்த தமிழர்களையும் நீராவிக் கப்பல்தான் கொண்டுவந்தது: நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு, 'ரஜூலா' போன்ற கப்பல்களில், தளத்து (டெக்) டிக்கெட்டில்.