சேறு வருமுன் அதிரும் மண்

1985 நவம்பர் 13. இரவு 9 மணி தாண்டியதும் கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை வெடித்தது. பெரிய வெடிப்பல்ல, ஆனால் உச்சியிலிருந்த பனியில் ஒரு பகுதியை உருக்க அது போதும். உருகிய நீர் சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு பள்ளத்தாக்குகளில் இறங்கி, சுமார் இரண்டரை மணி நேரத்தில் அர்மேரோ ஊரை மூடியது. மாண்டவர்கள் 23,000 பேருக்கும் மேல். இரண்டரை மணி நேரத்தில் மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். சேறு கிளம்பிவிட்டது என்ற சேதிதான் உரிய நேரத்தில் அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இந்தச் சேற்று வெள்ளத்துக்கு லஹார் என்று பெயர். குழைத்த கான்கிரீட் போலக் கெட்டியாக வரும். எரிமலை அடங்கிய பிறகும், பழைய சாம்பல்மேல் கனமழை கொட்டினால் கிளம்பிவிடும்.

ஆற்றின் குறுக்கே கம்பி கட்டி, அறுந்தால் மணி அடிக்கச் செய்வது பழைய முறை. மலிவானதுதான், ஆனால் ஒருமுறை அறுந்தால் அடுத்த வெள்ளத்துக்குக் காவல் இல்லை.

அர்மேரோவுக்குப் பிறகு அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனத்தினர் ஜியோபோனை நம்பினார்கள். கைக்குள் அடங்கும் உருளை அது. உள்ளே ஒரு காந்தம், சுருள்வில்லில் தொங்கும் ஒரு கம்பிச்சுருள். நிலம் அதிர்ந்தால் இரண்டும் ஒன்றையொன்று விட்டு விலகி அசைய, சிறிய மின்னழுத்தம் பிறக்கும். நுட்பம் அடுத்த படியில்தான் இருக்கிறது. எரிமலை நடுக்கங்கள் பெரும்பாலும் நொடிக்குப் பத்துக்கும் குறைவான அதிர்வுகள். பாறைகள் மோதி உருளும் லஹாரோ முப்பது முதல் எண்பது வரை அதிரும். அந்த வேகமான அதிர்வு குறித்த அளவைத் தாண்டி நீடித்தால், கருவி ரேடியோவில் எச்சரிக்கை அனுப்பும். மேல்நிலையம் முதலிலும் கீழ்நிலையம் பிறகும் அதிர்ந்தால் ஐயமே இல்லை, வேகத்தையும் கணக்கிடலாம்.

நியூசிலாந்தின் ருவாபெஹு மலையில் இது மெய்ப்பட்டது. 1953 கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, அங்கே எரிமலைவாய் ஏரியின் கரை உடைந்து வந்த லஹார் டாங்கிவாய் ரயில் பாலத்தைச் சிதைத்தது. சில நிமிடங்களில் வந்த விரைவு ரயில் ஆற்றில் விழுந்து 151 பேர் இறந்தார்கள். 1995-96 வெடிப்புகள் அதே ஏரிக்குச் சாம்பலால் புதுக் கரை கட்டிவிட்டன. கரையை இயந்திரம் வைத்து வெட்டிவிடலாம் என்ற யோசனையை அரசு ஏற்கவில்லை. ஜியோபோன்களையும் நீர்மட்ட அளவியையும் வைத்துக் காத்திருந்தது. துணிச்சலான, சரியான முடிவு. 2007 மார்ச் 18 அன்று கரை உடைந்து சுமார் 13 லட்சம் கன மீட்டர் நீர் பாய்ந்தது. கருவிகள் எச்சரித்தன, சாலையும் ரயில் பாதையும் மூடப்பட்டன. ஒருவரும் இறக்கவில்லை.