மாதிரிப் படகின் பேரிங்: மாற்றும் முன் கம்ப்யூட்டரில் கேட்டுப் பாருங்கள்

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் மைக்ரோபோனை நாம் பேசுவதற்கும் பாட்டுப் பதிவு செய்வதற்கும்தான் பயன்படுத்துகிறோம். ஓடுகிற மெஷினுக்குள் இருக்கும் பழுதைக் கண்டுபிடிக்கவும் அதே மைக் போதும் என்றால் நம்புவீர்களா? ரேடியோ கண்ட்ரோலில் வேகமாக ஓடும் மாதிரிப் படகு இதற்கு நல்ல உதாரணம். பொன்னேரி, பழவேற்காடு பக்கம் இப்படிப் படகு விடும் நண்பர்கள் சிலருக்கு, பேரிங் நன்றாக இருக்கிறதா என்று நான் சோதித்துச் சொல்வது வழக்கம். அதற்கு என்னிடம் இருப்பது ஒரு லேப்டாப்பும் ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரும்தான்.

பேரிங் எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது?

மாதிரிப் படகு மோட்டாரின் மேல் 1800 கேவி என்பது போல ஓர் எண் இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் இத்தனை சுற்று என்பது அதன் பொருள். 4 செல் லிதியம் பாலிமர் பேட்டரி 14.8 வோல்ட் தரும். எக்ஸெலைத் திறந்து ஒரு கட்டத்தில் =1800*14.8 என்று டைப் செய்யுங்கள். 26,640 என்று விடை வரும். தண்ணீரில் ப்ரொப்பெல்லர் சுமை ஏறும்போது வேகம் இதைவிடக் குறையும். இருந்தாலும், உங்கள் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறைதான் சுற்றுகிறது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்த வேகத்தில் பேரிங் சிறிது இறுகினாலும் மோட்டார் கூடுதல் கரண்ட்டை இழுக்கும். 14.8 வோல்ட்டில் 60 ஆம்பியர் என்றால் 888 வாட். கிட்டத்தட்ட ஓர் இஸ்திரிப் பெட்டி இழுக்கும் மின்சாரம் கையகல இடத்தில் ஓடுகிறது. அதற்கு மேல் போனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஸ்பீடு கண்ட்ரோலர் சூடேறிக் கருகும். படகு நடுநீரில் நின்றுவிடும். பழவேற்காடு முகத்துவாரம் பக்கம் நீரோட்டம் உண்டு. நின்றுபோன படகை எடுக்க ஒருவர் தண்ணீரில் இறங்க நேர்வதுதான் இதில் உண்மையான ஆபத்து.

படகுக்குள் எங்கெங்கே பேரிங்?

மோட்டாரின் முன்னும் பின்னும் ஒவ்வொரு பால் பேரிங் இருக்கும். மோட்டார் ஷாஃப்டை ஒரு கப்ளர், முறுக்கிய கம்பியாலான ஃபிளெக்ஸ் கேபிளோடு இணைக்கும். கேபிள் ஒரு பித்தளைக் குழாய் வழியாகப் படகின் பின்பக்கம் போகும். அங்கே ஸ்ட்ரட் என்ற தாங்கியில் பித்தளை அல்லது டெஃப்லான் புஷ் இருக்கும். அதற்கும் பின்னால்தான் ப்ரொப்பெல்லர்.

தண்ணீருக்குள் இருக்கும் புஷ்ஷுக்குத் தண்ணீரே எண்ணெய் மாதிரி வேலை செய்யும். பால் பேரிங் நல்ல சாமான் என்று அங்கேயும் அதைப் போட்டால், உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து சீக்கிரம் கெடும்.

ஒலியைப் பதிவு செய்யுங்கள்

எஞ்சினில் சத்தம் வந்தால் அனுபவமுள்ள மெக்கானிக் ஸ்க்ரூடிரைவர் நுனியை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பார். நாம் அந்த வேலையைத்தான் மைக்கிடம் கொடுக்கிறோம்.

1. முதலில் ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். இதை மறக்கவே கூடாது. படகை ஸ்டாண்டில் அசையாமல் வையுங்கள்.

2. விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் மைக்குக்கான ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸை நிறுத்துங்கள். அது இயங்கினால், விடாமல் கேட்கும் சத்தத்தை இரைச்சல் என்று நினைத்து நீக்கிவிடும். நமக்கு வேண்டியதே அந்தச் சத்தம்தான்.

3. மைக்கை மோட்டாரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வைத்து, ஆடாசிட்டியில் ரெக்கார்ட் பட்டனை அழுத்துங்கள். த்ராட்டிலைக் கால்வாசிக்கும் குறைவாகக் கொடுத்து 10 விநாடி மட்டும் ஓட்டுங்கள். தரையில் மோட்டாருக்குத் தண்ணீர்க் குளிர்ச்சி கிடையாது. எனவே அதற்கு மேல் ஓட்டவேண்டாம்.

4. மோட்டார் ஆறிய பிறகு கப்ளரைத் தளர்த்திக் கேபிளைப் பிரித்துவிட்டு, மோட்டாரை மட்டும் ஓட்டி இன்னொரு பதிவு எடுங்கள். இரண்டையும் தனித்தனிப் பெயரில் சேவ் செய்யுங்கள்.

5. பதிவில் வேகம் சீராக உள்ள பகுதியை மவுஸால் தேர்வு செய்து, அனலைஸ் மெனுவில் பிளாட் ஸ்பெக்ட்ரம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். சைஸ் என்ற இடத்தில் 16384 வையுங்கள். எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு சத்தம் என்பது மலைத்தொடர் போலத் திரையில் தெரியும்.

படத்தைப் படிப்பது எப்படி?

மோட்டார் நிமிடத்துக்கு 6,000 சுற்று சுற்றினால் விநாடிக்கு 100 சுற்று. அதனால் 100 ஹெர்ட்ஸில் ஒரு சிகரம் இருக்கும். அதன் முழு மடங்குகளான 200, 300, 400 ஆகியவற்றிலும் சிகரங்கள் வரலாம். இவை மோட்டாரிலிருந்தும் ஷாஃப்டிலிருந்தும் வருபவை. லேப்டாப் மைக்கில் 100 சரியாகப் பதிவாகாவிட்டால் சிகரங்களுக்கு இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள். அதுவே சுழற்சி வேகம்.

பேரிங் குண்டுகள் இந்த முழு மடங்குக் கணக்குக்குள் வராது. வெளி வளையத்தில் ஒரு பள்ளம் இருந்தால், சுழற்சி வேகம் × குண்டுகளின் எண்ணிக்கை × 0.4 என்ற இடத்தை ஒட்டிச் சிகரம் வரும். உள் வளையத்தில் பள்ளம் என்றால் 0.4-க்குப் பதில் 0.6. பெரிய தொழிற்சாலைகளில் பம்ப், மோட்டார்களைச் சோதிக்கும் இன்ஜினியர்களும் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது. 7 குண்டுகள் உள்ள பேரிங் 100 ஹெர்ட்ஸில் சுற்றினால், 280 அல்லது 420-க்குப் பக்கத்தில் தேடவேண்டும். 200-க்கும் 300-க்கும் நடுவே, எந்த மடங்கிலும் சேராமல் ஒரு சிகரம் நின்றால் பேரிங்கைச் சந்தேகப்படலாம்.

இரண்டு படகுகள், இரண்டு முடிவுகள்

பழவேற்காட்டில் மீன்பிடிக் குடும்பத்து இளைஞர் ஒருவரின் படகு பயங்கரமாக இரைந்தது. "எல்லாத்தையும் செராமிக் பேரிங்கா மாத்திடலாமா அண்ணா?" என்றுதான் அவர் கேட்டார். முதலில் பதிவு செய்து பார்த்தோம். சிகரங்கள் 110, 220, 330 என்று வரிசையாக நின்றன. அதில் 220 மிக உயரம். பேரிங்குக்கு உரிய 308-இலும் 462-இலும் ஒன்றும் இல்லை. கேபிளைப் பிரித்ததும் 220 அடங்கிவிட்டது. இரண்டு மடங்கில் வரும் உயரமான சிகரம், பெரும்பாலும் இரண்டு ஷாஃப்டுகள் நேர்க்கோட்டில் இல்லை என்பதற்கான அறிகுறி. மோட்டார் மவுண்டின் அடியில் மெல்லிய வாஷர் ஒன்றை வைத்து உயரத்தைச் சரிசெய்தோம். சத்தம் போயிற்று. புது பேரிங் எதுவும் வாங்கவில்லை.

இன்னொரு நண்பரின் படகில் மோட்டாரைத் தனியாக ஓட்டியபோதும் சத்தம் நிற்கவில்லை. அங்கே 104, 208, 312 ஆகியவற்றுக்கு நடுவில் 291-இல் ஒரு சிகரம். 104 × 7 × 0.4 என்று போட்டுப் பாருங்கள், கணக்கு பொருந்தும். மோட்டாரைப் பிரித்தபோது கப்ளர் பக்கத்து பேரிங்கின் வெளி வளையத்தில் துருப் பொட்டுகள் இருந்தன. அதை மட்டும் மாற்றினோம்.

எந்த பேரிங் வாங்குவது?

பேரிங்கின் ஓரத்தில் பொடி எழுத்தில் அளவு எண் இருக்கும். 625 என்றால் உள் விட்டம் 5, வெளி விட்டம் 16, அகலம் 5 மி.மீ. 624 என்றால் 4, 13, 5. ஸ்கேட்டிங் சக்கரத்தில் இருக்கும் 608 என்றால் 8, 22, 7. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் அளந்துகொள்ளுங்கள். எண்ணுக்குப் பின்னால் இசட்இசட் என்று இருந்தால் தகட்டு மூடி. 2ஆர்எஸ் என்றால் ரப்பர் சீல். உப்புத் தண்ணீர்ப் பக்கம் ரப்பர் சீல்தான் பாதுகாப்பு. அதில் உராய்வு சற்றுக் கூடுதல் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் புகுந்து துருப்பிடித்த பேரிங்கின் உராய்வு அதைவிடப் பல மடங்கு அதிகம்.

ஏபெக் 3, 5, 7 என்று எண் கூடக்கூட வேகம் கூடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது அளவின் துல்லியத்தை மட்டும் சொல்லும் எண். குண்டு எதனால் ஆனது, கிரீஸ் எப்படிப்பட்டது என்பதையெல்லாம் அது சொல்லாது.

செராமிக் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை ஹைப்ரிட் வகை. குண்டுகள் மட்டும் சிலிக்கான் நைட்ரைடு. எஃகுக் குண்டின் எடையில் இது பாதிக்கும் குறைவு. துருவும் பிடிக்காது. ஆனால் வளையங்கள் எஃகுதான், அவை துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் பேரிங்குகளில் பரவலாக உள்ள 440சி எஃகும் வீட்டு எவர்சில்வர் பாத்திரம் மாதிரி இல்லை. கடினத்துக்காகக் கார்பன் அதிகம் சேர்த்த எஃகு அது, உப்பில் விட்டால் பொட்டு விழும்.

உப்புதான் முதல் எதிரி

கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பழவேற்காடு ஏரியில் வடகிழக்குப் பருவமழையின்போது ஆறுகளின் நன்னீர் கலந்து உப்பு குறையும், கோடையில் ஏறும். எந்த மாதமானாலும் படகு கரையேறியதும் நல்ல தண்ணீரில் கழுவுங்கள். கேபிளை உருவித் துடைத்து, கடல் உபயோகத்துக்கான கிரீஸைத் தடவுங்கள். பேரிங்கில் ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். சுமை ஏறும்போது ஃபிளெக்ஸ் கேபிள் முறுகிச் சற்றுக் குறுகும். அதனால் ப்ரொப்பெல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாகுக்கும் ஸ்ட்ரட்டுக்கும் இடையே சுமார் 3 மி.மீ. இடைவெளி விடவேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் கேபிள் மோட்டார் ஷாஃப்டை இழுத்து, புது பேரிங்கையும் கெடுத்துவிடும்.

பழவேற்காடு ஏரி பறவைகள் சரணாலயமும் கூட. பூநாரைகள் இரைதேடும் பகுதியிலும் வலை கட்டிய இடத்திலும் படகு விடக்கூடாது. ஊர்க்காரர்களைக் கேட்டு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் விடுங்கள்.

படகு இல்லாதவர்களுக்கு

மாதிரிப் படகு இல்லாதவர்கள் தங்கள் சிஸ்டத்திலேயே இதைச் செய்யலாம். கேபினட் ஃபேன் நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால் 20 ஹெர்ட்ஸ்தான். சாதாரண மைக்கில் அது சரியாகப் பதிவாகாது. அதனால் சிஸ்டம் புதிதாக இருக்கும்போதே ஒரு பதிவு எடுத்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே இடத்தில் மைக்கை வைத்துப் பதிவு செய்து ஒப்பிடுங்கள். மேல் அதிர்வெண்களில் புதிய சிகரங்கள் முளைத்தால், ஃபேனைத் துடைக்கவோ மாற்றவோ நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ஹார்டு டிஸ்க்குகளில் 2000-களின் தொடக்கத்திலிருந்து பால் பேரிங்குக்குப் பதில் எண்ணெய்ப் படலத்தில் சுற்றும் பேரிங் வந்துவிட்டது. அதனால் நல்ல டிஸ்க் அமைதியாகவே ஓடும். அதிலிருந்து உரசல் சத்தம் கேட்டால் மைக்கைத் தேடவேண்டாம். முதலில் உங்கள் பைல்களை வேறொரு டிரைவில் காப்பி செய்துவிடுங்கள்.