ஒரு கம்பியும் முப்பது உறுப்புகளும்

சில மாதங்களுக்கு முன்பு, காட்டாங்குளத்தூரில் எங்கள் குடியிருப்பில் இலவச உடல் பரிசோதனை முகாம் நடந்தது. கணினியுடன் இணைத்த உலோகக் கம்பி ஒன்றை உள்ளங்கையில் ஒரு நிமிடம் பற்றிக்கொள்ள வேண்டும். மெல்லிய மின்னோட்டம் உடலுக்குள் இருப்பதையெல்லாம் காட்டிவிடும் என்றார்கள். கல்லீரல், சிறுநீரகம், எலும்பு என முப்பது தலைப்புகளில் அறிக்கை அச்சாகி வந்தது. பக்கத்து வீட்டு நண்பர் அங்கேயே எட்டாயிரம் ரூபாய்க்குச் சத்துப் பொடிகள் வாங்கினார். அதோடு நிற்கவில்லை, 'கணையம் சீராக உள்ளது' என்ற ஒரு வரியை நம்பி, சர்க்கரை நோய் மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இரண்டே மாதங்களில் அவரை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தது.

நான் பொருளியல் கற்பித்தவன், மருத்துவன் அல்லன். ஆயினும் ஒரு கேள்வி என்னை விடவில்லை. மின்னோட்டத்தைக் கொண்டு உடலின் உட்புறத்தைப் பார்க்க முடியுமா? முடியும். பொய்க்கு வலிமை தருவதே அதனுள் ஒளிந்திருக்கும் இந்த உண்மைதான்.

நம் ஊர்ப்பக்கம் ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன் சிலர் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பார்கள். நிலவியலாளரோ நான்கு கம்பிகளை மண்ணில் நட்டு, இரண்டின் வழியே மின்னோட்டத்தைச் செலுத்தி, மற்ற இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்தத்தை அளப்பார். ஈரமான மண் மின்சாரத்தை எளிதில் கடத்தும். வறண்ட பாறை தடுக்கும். கம்பிகளின் இடைவெளியை மாற்றி மாற்றி அளக்கும்போது நிலத்தடியின் அமைப்பு புலப்படுகிறது.

உடலும் அப்படித்தான். இரத்தம் மின்சாரத்தை நன்கு கடத்தும்; காற்று நிறைந்த நுரையீரல் தடுக்கும். 'எலெக்ட்ரிகல் இம்பீடன்ஸ் டோமோகிராபி' என்னும் முறையில், பெரும்பாலும் 16 மின்முனைகள் கொண்ட பட்டையை நோயாளியின் மார்பைச் சுற்றிக் கட்டுகிறார்கள். உணர முடியாத அளவு சிறிய மின்னோட்டம் அடுத்தடுத்த இணைகள் வழியே செலுத்தப்படுகிறது. ஒரு சுற்றில் 208 அளவீடுகள் கிடைக்கின்றன. அவற்றிலிருந்து கணினி ஒரு படத்தை உருவாக்குகிறது. நொடிக்குப் பல படங்கள்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் 1980-களில் இம்முறை மருத்துவப் பயன்பாட்டை நோக்கி வளர்ந்தது. இதன் கணித அடித்தளத்தை 1980-இல் வெளியிட்ட அர்ஜென்டினாவின் ஆல்பெர்டோ கால்டெரோன், இளமையில் எண்ணெய் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியபோதே அது குறித்துச் சிந்தித்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்திலும் இத்துறையில் ஆய்வுகள் நடந்துள்ளன.

இதன் முதன்மையான பயன் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான். செயற்கை சுவாசத்தில் இருப்பவரின் நுரையீரலில் எந்தப் பகுதி விரிகிறது, எது சுருங்கிக் கிடக்கிறது என்பதைப் படுக்கையருகிலேயே தொடர்ந்து காண முடிகிறது. நோயாளியை சி.டி. ஸ்கேன் அறைக்குக் கொண்டுசெல்ல வேண்டியதில்லை, கதிர்வீச்சும் இல்லை.

குறையும் உண்டு. எக்ஸ் கதிரைப்போல மின்னோட்டம் நேர்கோட்டில் செல்வதில்லை; எளிய வழியைத் தேடிப் பரவிச் செல்லும். ஆகவே படம் மங்கலானது. மூச்சுக்கு மூச்சு ஏற்படும் மாற்றத்தைக் காட்டுமே தவிர, சிறு கட்டியைத் துல்லியமாகக் காட்டாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு இதைப் பயன்படுத்துவதும் இல்லை.

இனி அந்த உள்ளங்கைக் கம்பிக்கு வருவோம். ஒரு சமன்பாட்டைக் கொண்டு முப்பது அறியாத எண்களைக் கண்டறிய முடியாது என்பது எங்கள் துறையின் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். மார்பைச் சுற்றி 208 அளவீடுகள் எடுத்தும் மங்கலான படமே கிடைக்கிறது. ஒரு கையில் பிடித்த கம்பி முப்பது உறுப்புகளின் கதையை எப்படிச் சொல்லும்?

விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது, மட்டமான சரக்கு நல்ல சரக்கைச் சந்தையிலிருந்து விரட்டிவிடும் என்று 1970-இல் விளக்கியவர் பொருளியலாளர் ஜார்ஜ் அகர்லோஃப். போலிக் கருவி ஒருமுறை ஏமாற்றினால், நாளை உண்மையான கருவியையும் மக்கள் நம்பமாட்டார்கள்.

2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் மருத்துவக் கருவிகள் அனைத்தும் சட்டப்படி மருந்துகளுக்கு இணையான கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டன. முகாம்களுக்கு இடமளிக்கும் குடியிருப்போர் சங்கங்கள் மூன்று கேள்விகளைக் கேட்டாலே போதும். இக்கருவிக்கு உரிமம் உண்டா? அறிக்கையில் கையெழுத்திடும் மருத்துவர் யார்? பரிசோதிப்பவரே மருந்தும் விற்கிறாரா?

நண்பர் நலமாக வீடு திரும்பிவிட்டார். மாத்திரையைத் தவறாமல் உட்கொள்கிறார். அடுத்த முகாமுக்கு அனுமதி கேட்டு வந்தவர்களிடம் முதல் கேள்வியைக் கேட்டவரும் அவரே.