பனிப்புயலை முன்னறிதல்

1888ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாட் காலை, அமெரிக்காவின் வட சமவெளியாகிய டக்கோட்டா, நெபிராஸ்காப் பகுதிகளிற் குளிர் தணிந்திருந்தது. சிறுவர் பலர் தடித்த மேலங்கியின்றியே பாடசாலை சென்றனர். சில மணி நேரத்துள் வடமேற்கிலிருந்து பனிப்புயல் பாய்ந்தது; ஏறத்தாழ 235 பேர் மாண்டனர்.

வெண்பனி மிகுதியாகப் பெய்தல் மட்டும் பனிப்புயலாகாது. மணிக்கு 35 மைலுக்குக் குறையாத காற்று வெண்பனியை அலைத்து, கால் மைலுக்கு அப்பாலுள்ளவற்றை 3 மணி நேரமேனும் மறைத்தலே அதன் இலக்கணமென அந்நாட்டு வானிலையாளர் வகுத்துள்ளனர். நிலத்திற் படிந்த பழைய பனியே இதற்குப் போதும். வானம் தெளிந்திருப்பினும் ஆபத்துண்டு. ஆதலின் அவர்கள் முகிலை மட்டுமன்றி, நிலத்துப் பனியையும், வடதுருவக் குளிர்வளியின் வருகையையும், அமுக்க வேறுபாட்டையும் ஆராய்கின்றனர்.

1888இல் எச்சரிக்கை தந்திவழிச் சென்றது. தந்தியில்லாப் பண்ணைகளை அது எட்டவில்லை. இன்று வானொலியும் அதனை வீடுகளுக்குக் கொண்டு சேர்க்கின்றது. உரிய வேளையிற் செவியை எட்டும் அறிவிப்பே உயிர் காக்கும்.